பழிச்சுமையும் நாணும் பொறுத்தலும்: பனியனின் பயண நூலும் கிருட்டிணபிள்ளையின் காப்பியமும்

செய்த பிழையை நினைந்து வருந்துதல் மக்கட்கெல்லாம் பொதுவாகிய உணர்ச்சியாகும். அவ்வருத்தம் எதனால் எழுகின்றது, எவ்வாறு தணிகின்றது, தணிந்தபின் பிழைத்தவன் எந்நிலையில் வாழ்கின்றான் என்னும் வினாக்களுக்குச் சமயங்களும் இலக்கியங்களும் தரும் விடைகள் ஒரு தன்மையன அல்ல. கிறித்தவ வாழ்வில் இவ்வினாக்கள் தலையாய இடம் பெறுவன. அச்சமயத்தைச் சார்ந்த பெருநூல்களைத் திறனாய்வோர் இவற்றைக் கடந்து செல்லுதல் இயலாது.

மானிடவியல் அறிஞர் ரூத் பெனிடிக்ட் அம்மையார் 1946இல் சப்பானியர் வாழ்வைப் பற்றி வெளியிட்ட நூலில், நாணத்தை அடிப்படையாகக் கொண்ட பண்பாடு, குற்றவுணர்வை அடிப்படையாகக் கொண்ட பண்பாடு என்னும் இருவகைப் பகுப்பினைக் கையாண்டார். பிறர் காண்பர் என்னும் எண்ணத்தால் தீமையினின்று விலகுதல் ஒன்று. எவரும் காணாவிடினும் நெஞ்சு சுடுதலால் விலகுதல் மற்றொன்று. இப்பகுப்பைத் தமிழ்க்கு ஏற்றி, தமிழர் அறம் நாணின்பாற்பட்டது என்றும், கிறித்தவ அறம் குற்றவுணர்வின்பாற்பட்டது என்றும், ஆதலின் கிறித்தவக் காப்பியங்கள் கூறும் பாவவுணர்ச்சி தமிழ் மண்ணிற்கு ஒட்டாத இறக்குமதியே என்றும் முடிவு கட்டத் தோன்றுதல் இயல்பு. இம்முடிபு பொருந்துமா என்பதே ஈண்டு எம் ஆராய்ச்சி. இதற்கு ஜான் பனியன் ஆங்கிலத்தில் இயற்றிய பயண நூலையும், அதனைத் தழுவி எச்.ஏ. கிருட்டிணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகத்தையும் எடுத்துக்கொள்கின்றோம். பனியனின் கதைமாந்தர் பெயர்களை, தலைவன் பெயரும் பேய்த்தலைவன் பெயரும் ஒழிய, யாமே பொருள் நோக்கித் தமிழ்ப்படுத்தி வழங்குகின்றோம்.

1. சொற்கள் காட்டும் நெறி

முதற்கண் சொற்களை நோக்குவோம். ‘பழி’ என்னும் தமிழ்ச்சொல் பழிக்கத்தக்க செயலையும் அதுபற்றி உலகோர் கூறும் நிந்தையையும் ஒருங்கே குறிக்கும். செயலும் சொல்லும் ஒரே பெயரால் வழங்குதலின், தமிழில் குற்றவுணர்வும் நாணமும் முற்றப் பிரிந்து நில்லாமை விளங்கும். திருவள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதன் தொடக்கத்திலேயே தகாத செயல்பற்றி எழும் நாணம் வேறு, மகளிர்க்கு இயல்பாகிய நாணம் வேறு எனப் பிரித்துக் காட்டுகின்றார். தம் பழிக்கேயன்றிப் பிறர் பழிக்கும் நாணுவாரையே நாணின் உறைவிடம் என்கின்றார். வாய்மை அதிகாரத்திலோ, நெஞ்சறிந்து பொய் கூறியவனை அந்நெஞ்சே சுடும் என்கின்றார். அங்கே காண்பார் ஒருவரும் இலர். சுடுவது தன் நெஞ்சே. ஆகவே, தமிழறம் புறத்தார் கண்ணுக்கு அஞ்சுவதொன்றே என்பது பொருந்தாக் கூற்றாம்.

இனி, பிழையை நீக்கும் செயலுக்குரிய சொற்களைக் காண்போம். இயேசு பெருமான் கற்பித்த செபம் தமிழில் இருவகையாக வழங்கி வந்துள்ளது. கத்தோலிக்கரின் பழைய வழக்கில் ‘பொறுத்தல்’ என்னும் சொல்லும், சீர்திருத்தத் திருச்சபையார் வழக்கில் ‘மன்னித்தல்’ என்னும் சொல்லும் பயின்றன. பின்னவர் பாவத்தைக் ‘கடன்’ என்றே மொழிபெயர்த்தனர். மத்தேயு நற்செய்தியின் மூலச்சொல் கடனையே குறித்தலின் அம்மொழிபெயர்ப்பு நேரியதே. ஆயின் ‘பொறுத்தல்’ என்னும் சொல் பிறிதொரு பொருளாழம் உடையது. பொறுத்தல் என்பது தாங்குதல். நிலம் பொறுக்கின்றது, தோள் பொறுக்கின்றது. ஒருவன் பிழையைப் பொறுப்பவன், அப்பிழையின் பாரத்தைத் தான் தாங்குகின்றான். கடன் தள்ளுபடியாகுங்கால் ஏட்டில் ஒரு கோடு கிழித்தலே போதும் எனத் தோன்றும். பிழை பொறுக்கப்படுங்கால் அதன் சுமை ஒரு தோளினின்று மற்றொரு தோளுக்கு மாறுகின்றது. இவ்வேறுபாடு மேல்வரும் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

2. முதுகிலுள்ள சுமை

பனியனின் நூல் முதற்பகுதி 1678இலும் இரண்டாம் பகுதி 1684இலும் வெளிவந்தன. அரசு ஒப்புதலின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்டு நகரில் சிறையிருந்தவர் பனியன். உள்ளத்தில் தாம் பட்ட பாட்டினை 1666இல் தன்வரலாறாகவும் எழுதினார். ஆதலின் பயண நூலில் வரும் சுமை கற்பனையாற் புனைந்த அணி மட்டுமன்று; பட்டறிவின் வடிவமாகும்.

கந்தலாடையும், கையில் ஒரு நூலும், முதுகில் பெருஞ்சுமையும் உடைய ஒருவன் அழுது நடுங்கி நிற்கும் காட்சியோடு கதை தொடங்குகின்றது. இவனே கிறிஸ்தியான். அவன் அழுகை மனைவி மக்கட்கு விளங்கவில்லை. மூளைக் கோளாறு எனக் கருதித் துயிலச் செய்ய முயல்கின்றனர். ஊரார் எவரும் அவனைப் பழித்திலர். எனவே இச்சுமை நாணத்தால் வந்ததன்று. நூலைக் கற்றதனால் அகத்தே எழுந்தது. இதுகாறும் பெனிடிக்ட் அம்மையாரின் பகுப்பு பொருந்துவது போலவே தோன்றும்.

ஆயினும் இங்கு ஒரு தடை எழுகின்றது. கிறிஸ்தியான் செய்த குற்றம் யாது? அவனால் துன்புற்றார் யார்? பனியன் இவற்றைக் கூறவில்லை. குற்றம் இன்னதென்னாது குற்றச்சுமை மட்டும் கூறப்படுகின்றது. மேலும், அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு மனைவி மக்களை விட்டு ஓடுகின்றான். நூலில் நாம் கண்ணாற் காணும் முதற் செயல் இதுவே. தமிழ்க் கற்பார்க்கு இது பெரிதும் உறுத்தும். இல்லறக் கடனை நல்லறமாகப் போற்றும் மரபினர், தன் உயிர் உய்தற்பொருட்டு உறவைத் துறப்பானை ஐயுறுதல் இயல்பே. இவ்வையத்தைப் பனியனும் உணர்ந்திருந்தார் போலும். இரண்டாம் பகுதியில் அவன் மனைவி, தான் கணவனை நடத்திய முறையை நினைந்து வருந்திப் பயணம் தொடங்குகின்றாள். அவள் குற்றத்திற்கு மட்டும் உருவும் உரியவனும் உளர். கணவன் மனைவிக்கிழைத்தது பேசப்படாது, மனைவி கணவனுக்கிழைத்தது மட்டும் பேசப்படுதல் நூலின் குறை என்றே கூறல் வேண்டும். இறைவன்முன் உணரும் குற்றத்தை நுணுகிக் காட்டிய ஆசிரியர், இல்லத்தார்முன் உணரத்தக்க குற்றத்தை இவ்விடத்தில் விடுத்தார்.

சுமையை இறக்க உலக ஞானி என்பான் ஓர் எளிய வழி கூறுகின்றான். அருகிலுள்ள சிற்றூரில் சட்டநெறியார் என்பார் இத்தொழிலில் வல்லவர் என்கின்றான். அவ்வழி செல்ல, சாய்ந்து நிற்கும் மலை தலைமேல் விழுமென அஞ்சுகின்றான் கிறிஸ்தியான். சுமையும் முன்னையினும் கனக்கின்றது. அப்போது நற்செய்தியாளன் எதிர்வர, அவனைக் கண்டு இவன் முகம் நாணத்தாற் சிவக்கின்றது. இந்நாணம் ஊரார்க்கு அஞ்சிய நாணம் அன்று. தனக்கு நன்மை உரைத்தவன் சொல்லைத் தவறவிட்டமையால் எழுந்தது. வள்ளுவர் கூறும் செயல்பற்றிய நாணம் இதுவே. ஆகவே, குற்றவுணர்வின் நூல் எனப்படும் இதன்கண் நாணம் தன் நல்வடிவில் தொடக்கத்திலேயே இடம்பெற்றுள்ளமை காண்க.

சிலுவை நிற்கும் மேட்டினை அடைந்ததும் சுமை தானே கழன்று கீழேயுள்ள கல்லறைக்குள் உருண்டு மறைகின்றது. இங்குக் கருதத்தக்கது கண்ணீரின் இடம். சுமை விழுந்த பின்னரும் கிறிஸ்தியான் சிலுவையை நோக்கி நின்று அழுகின்றான். தொடக்கத்தில் அழுதது அச்சத்தால்; ஈண்டு அழுவது வியப்பால். மன்னிப்புப் பெற்றான் தன் பிழையை மறந்தவன் ஆகான். அப்பிழையை அஞ்சாது நோக்க வல்லவன் ஆகின்றான் என்பதே இக்காட்சியின் கருத்தாகக் கொள்ளலாம்.

3. பெயர் பொருந்தாத ஒருவன்

நூலின் நடுவே உண்மையான் என்னும் உடன்வழியன் தான் எதிர்ப்பட்ட ஒருவனைப் பற்றிக் கூறுகின்றான். அவன் பெயர் வெட்கம். அவன் கூறிய தடைகள் பல. சமயத்தைப் பேணுதல் இழிந்த செயல். மென்மையான மனச்சான்று ஆண்மைக்கு ஒவ்வாது. செல்வரும் வலியரும் அறிஞரும் இவ்வழி செல்வது அரிது. அயலானிடம் சிறு பிழைக்காக மன்னிப்புக் கேட்பதும், பிறரிடம் கவர்ந்ததைத் திருப்பித் தருவதும் மானக்கேடு. இவற்றைக் கேட்டபோது தன் முகத்திற் குருதி ஏறியது என்றும், அவனை அகற்றுதல் அரிதாயிற்று என்றும் உண்மையான் ஒப்புக்கொள்கின்றான். தான் வழியிற் கண்டாருள் இவன் ஒருவனே தனக்குப் பொருந்தாத பெயர் பூண்டவன் என்றும் கூறுகின்றான்.

இவ்விறுதிக் கூற்று எம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவுவது. வெட்கம் என்னும் பெயருடையவனிடத்தில் உண்மை வெட்கம் இல்லை. அவன் தூண்டுவது பழிக்கு நாணுதலன்று, பழிநீக்கத்திற்கு நாணுதல். பிழை செய்தபோது வாளாவிருந்து, பிழையை ஒப்புக்கொள்ளுங்கால் வந்து தடுப்பவன் அவன். தமிழ் மரபில் அவனுக்கு ‘நாணிலி’ என்பதே தகும் பெயர். நாண் அணிகலனாவதும் பகையாவதும் எதன்பொருட்டு நாணுகின்றோம் என்பதைப் பொறுத்தன. இவ்வேறுபாட்டைப் பனியனும் வள்ளுவரும் தத்தம் நெறியிற் கண்டுள்ளனர் என்பது எம் துணிபு.

மேலே யாம் சுட்டிய குறைக்கு ஒருவகை ஈடும் இங்குக் கிடைக்கின்றது. அயலானிடம் மன்னிப்புக் கேட்டலும் கவர்ந்ததை மீட்டுத் தருதலும் பயணியின் இயல்பான கடமைகள் என்பது பகைவன் வாயாலேயே வெளிப்படுகின்றது. அவன் அவற்றை எள்ளுகின்றான் எனின், பயணியர் அவற்றைச் செய்து வந்தனர் என்பது பெறப்படும். இறைவன் மன்னித்தான் என்பதுகொண்டு அயலானுக்குரியதை ஒருவன் மறுத்தல் ஆகாது என்னும் நெறி, பனியனின் நூலில் உளது; ஆனால் ஓரத்தில் உளது.

வெட்கத்தை வென்ற உண்மையானே பின்னர் மாயச் சந்தையில் பழிகூறப்பட்டு, ஊரார்முன் வதையுண்டு மாய்கின்றான். பொய்ந்நாணத்தை அகத்தே வென்றவனுக்கே புறத்தார் சுமத்தும் மானக்கேட்டைத் தாங்கும் ஆற்றல் வாய்க்கின்றது என்பது இக்கதைப் போக்காற் புலனாகும்.

4. கொள்ளையனாகிய குற்றம்

சிலுவையருகே சுமை வீழ்ந்தபின் குற்றவுணர்வு முற்றும் ஒழிந்ததோ எனின், அன்று. அது வேறு வடிவில் மீள்கின்றது. சிறுநம்பிக்கையன் என்னும் பயணி வழியில் அயர்ந்து துயின்று எழுங்கால் மூவர் அவனைச் சூழ்கின்றனர். கோழைநெஞ்சன் அவனை நிற்கச் செய்கின்றான். அவநம்பிக்கையன் பணத்தைப் பறிக்கின்றான். குற்றன் என்பான் தடியால் தலையில் அடித்து வீழ்த்துகின்றான். எனினும் அவன்பால் இருந்த அருமணிகள் களவுபோகவில்லை. எஞ்சிய வழியை அவன் இரந்துண்டு கடக்கின்றான்.

முன்னர்ச் சுமையாக வந்த குற்றம் பயணியைப் பயணத்திற்குத் தூண்டியது. இங்குக் கொள்ளையனாக வரும் குற்றமோ பயணத்தைத் தடுப்பது. ஒரே உணர்ச்சி மன்னிப்பிற்கு முன் மருத்துவனையும் மன்னிப்பிற்குப் பின் கள்வனையும் ஒக்கின்றது. இவ்வேறுபாட்டை இத்துணைத் தெளிவாக உருவகித்தமை பனியனின் தனிச்சிறப்பு. மன்னிக்கப்பட்டும் மன்னிப்பை நம்பமாட்டாது, வறியவனாகவே வழிமுழுதும் நடந்து தீர்த்த மக்கள் பலர் எக்காலத்தும் உளர். அவரைப் பனியன் இகழவில்லை; இறுதிவரை அவர் நடந்தமையைப் போற்றுகின்றார்.

இவ்வுணர்ச்சிக்கு மாற்றும் நூலிலேயே உளது. அப்பொல்லியோன் என்னும் பேய்த்தலைவன் வழிமறித்து, கிறிஸ்தியான் இதுவரை செய்த பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகின்றான். கிறிஸ்தியான் எதையும் மறுத்திலன். அவையெல்லாம் மெய்யே என்றும், இன்னும் பல விடுபட்டன என்றும், தன் தலைவன் இரக்கமுடையவன் என்றும் விடை கூறுகின்றான். குற்றத்தை ஒப்புக்கொள்ளுதலே குற்றஞ்சாட்டுவானின் படைக்கலத்தைப் பறித்துவிடுகின்றது.

தமிழ் மரபில் இதனோடு ஒப்பிடத்தக்க ஆராய்ச்சி வினைத்தூய்மை அதிகாரத்தில் உளது. பின்னிருந்து இரங்கத்தக்க செயலைச் செய்யற்க எனக் கூறும் குறளின் பிற்பகுதிக்கு உரைகாரர் வேறுபடுவர். அத்தகைய செயலை மீண்டும் செய்யற்க என்பது ஒரு சாரார் உரை. செய்துவிட்டானாயின் அதுபற்றி இருந்து இரங்குதலை ஒழிக என்பது பரிமேலழகர் உரை. பயனற்ற இரக்கம் வினைத்திட்பத்தைக் கெடுக்கும் என்பது பரிமேலழகர் கருத்து. பனியன் காட்டும் கொள்ளையனை அவரும் வேறொரு வழியில் அறிந்திருந்தார் எனலாம். வேறுபாடு தீர்வில் உளது. பரிமேலழகர் கூறும் தீர்வு பிழைத்தவன் தன் திட்பம். பனியன் கூறும் தீர்வு பிழைபொறுத்தவன் மீது வைக்கும் நம்பிக்கை.

5. கிருட்டிணபிள்ளை செய்த மாற்றம்

கிருட்டிணபிள்ளை 1827இல் பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடியிற் பிறந்து, கம்பராமாயணத்தில் ஊறி வளர்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்று, 1900இல் மறைந்தவர். அவர்தம் இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐம்பகுதியாய், 3,000க்கு மேற்பட்ட பாடல்களால் அமைந்தது. உரைநடைக் கதை விருத்தக் காப்பியமாயிற்று என்னும் அளவில் இதனை மதிப்பிட்டு நிறுத்துவோர் உளர். யாம் அதனினும் பெரியதொரு மாற்றத்தைக் காண்கின்றோம்.

பனியனின் நூலில் சிலுவைக் காட்சி மிகச் சுருங்கியது. அங்கே சிலுவை நிற்கின்றது. சிலுவையில் தொங்கியவர் பட்ட பாடு விரித்துரைக்கப்படவில்லை. மறைநூலை நாடோறும் கற்ற ஆங்கில வாசகர்க்கு அது வேண்டப்படவில்லை. கிருட்டிணபிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரித படலத்தை அமைத்து இயேசு பெருமானின் பாடுகளை விரித்துப் பாடினார். இது தமிழ் வாசகர்க்குச் செய்தி அறிவித்தற்கு மட்டும் சேர்த்த பகுதி அன்று. சுமை விழுந்தது என்றால் அது யார்மேல் விழுந்தது என்னும் வினாவுக்கு இப்படலமே விடை. ‘பொறுத்தல்’ என்னும் சொல்லின் முழுப்பொருளும் இங்கு வெளிப்படுகின்றது. நற்செய்தி நூல்கள் கூறுமாறு, அவர் ஆடை களையப்பட்டார், எள்ளப்பட்டார், உமிழப்பட்டார், அந்நிலையிலேயே தம்மைத் துன்புறுத்தியோர்க்காக வேண்டினார். குற்றத்தின் பாரம் மட்டுமன்று, நாணத்தின் பாரமும் அங்குப் பொறுக்கப்படுகின்றது. பனியனின் இரண்டாம் பகுதியில் பெருநெஞ்சன், சொல்லால் வரும் மன்னிப்பு, செயலால் வரும் மன்னிப்பு என இரண்டனையும் விளக்குகின்றான். அவன் விளக்கமாகக் கூறியதனைக் கிருட்டிணபிள்ளை காட்சியாக நிறுத்தினார்.

இதற்குரிய பயிற்சி அவர்க்குக் கம்பனிடத்திருந்து வாய்த்திருக்கலாம். வீடணன் அடைக்கலம் புகும் காட்சியை ஈண்டு ஒப்பிட நினைப்பார் உளராயின், அது பொருந்தாது. வீடணன் குற்றமிலி, அவன் வேண்டுவது காப்பு, மன்னிப்பன்று. பொருத்தமான இடம் மீட்சிப் படலமாகும். வானுலகினின்று தோன்றிய தயரதன் வரம் கேள் என, இராமன், தயரதனால் துறக்கப்பட்ட கைகேயியும் பரதனும் மீண்டும் தனக்குத் தாயும் தம்பியும் ஆதலை வேண்டுகின்றான். தந்தை பரதனை ஏற்றுக் கைகேயிமேல் கொண்ட சினத்தை விடானாக, அரசை ஏற்க இசைந்த தன்னதே பிழை, தாய் பிழைத்திலள் என்கின்றான் இராமன். தந்தை சினம் தணிகின்றான். பிறர் பிழையைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு உறவை மீட்கும் இக்காட்சி தமிழ்க் காப்பியத்தின் கொடுமுடிகளுள் ஒன்று. இராமன் சொல்லால் ஏற்றான். இயேசு பெருமான் செயலால் ஏற்றதாகக் கிறித்தவம் கூறும். இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும், பிழை பொறுக்கப்பட வேண்டுமெனின் எவரேனும் அதனைத் தாங்க வேண்டும் என்னும் கருத்து, கம்பன் கற்றார்க்குப் புதிதாக இருந்திராது.

6. மன்னிப்பார் இல்லாத இடம்

மன்னிப்பின் இடத்தைத் தெளிதற்கு அது கிட்டாத இரு நிகழ்ச்சிகளை நோக்குதல் தகும். பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தவற்றை அறிந்த அக்கணமே அரியணையினின்று வீழ்ந்து உயிர்துறந்தான். குற்றமும் நாணும் அங்கு ஒன்றே. தன்னைத் தானே தீர்ப்பிட்டு ஒறுத்துக்கொண்டான். வாழ்த்துக் காதையில் கண்ணகியே அவனைத் தீதிலன் என்கின்றாள். அச்சொல் அவன் வாழ்நாளில் கேட்கப்பெறாத சொல். அதனைக் கேட்டு அவன் மீண்டும் ஆளுதற்கு இடமில்லை.

மற்றையது மத்தேயு நற்செய்தியில் வரும் யூதாசின் முடிவு. அவன் வருந்தினான்; பிழை செய்தேன் என ஒப்புக்கொண்டான்; பெற்ற 30 வெள்ளிக்காசுகளையும் திருப்பித் தந்தான். வருத்தம், ஒப்புதல், மீட்பளித்தல் என்னும் மூன்றும் அவன்பால் உள. ஆனால் அவன் சென்றது மன்னிக்கும் உரிமையும் உளமும் இல்லாரிடம். அவர் அஃது எமக்கென் என்றனர். அவன் தூக்கிட்டு மாய்ந்தான். பேதுருவும் மும்முறை மறுதலித்துப் பிழைத்தவனே. அவன் மறுதலித்தது கரிநெருப்பருகே. உயிர்த்தெழுந்த பெருமான் கடற்கரையில் அவனை மும்முறை வினவியதும் கரிநெருப்பிட்ட இடத்திலேயே என யோவான் நற்செய்தி கூறும். அவன் நாணம் மறைக்கப்படவில்லை. அது எழுந்த நெருப்பருகே கொண்டுவரப்பட்டு, அங்கேயே அவனுக்குப் பணியும் அளிக்கப்படுகின்றது. இன்னா செய்தாரை அவர் நாணுமாறு நன்மை செய்து ஒறுக்க என்னும் வள்ளுவர் வாய்மொழிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு காண்டல் அரிது.

7. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், நாணப் பண்பாடு, குற்றவுணர்வுப் பண்பாடு என்னும் இருவகைப் பகுப்பு இந்நூல்களை விளக்கப் போதாது என்பது பெறப்பட்டது. நெஞ்சு சுடுதலைத் தமிழும் அறியும். நாணத்தின் நன்மையைப் பனியனும் அறிவார். உண்மையான வேற்றுமை, பிழைத்தவன் பிழைத்தபின் யாரை நோக்கிச் செல்லுதல் கூடும் என்பதில் உளது. வள்ளுவர் பொறுத்தலைப் பெரும்பாலும் பொறுப்பவனுக்குரிய அறமாக நின்று கூறினார். கிறித்தவ நூல்கள் பொறுக்கப்பட்டவன் வாழும் வாழ்வாக நின்று கூறின. முன்னதில் பெருமை பொறுத்தார்க்கு. பின்னதில் வியப்பு பொறுக்கப்பட்டார்க்கு. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒன்று நில்லாதவிடத்து மற்றொன்று நிறைவதில்லை.

இரட்சணிய யாத்திரிகத்தை மொழிபெயர்ப்பென ஒதுக்குவதும் கம்பன் நடையின் போலியென ஒதுக்குவதும் ஒருங்கே தவறு. அயலான்பால் இழைத்த பிழைக்கு உரிய இடத்தைப் பனியனின் நூல் ஓரத்தே வைத்தது என யாம் கூறிய குறை, கிருட்டிணபிள்ளையின் காப்பியத்தில் எவ்வளவு நிரம்பியது என்பது பருவந்தோறும் தனித்து ஆராயத்தக்கது. முதுகலை மாணவர் அதனை மேற்கொள்வாராயின், தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆராய்ச்சி சொல்லணியளவில் நில்லாது அறத்தின் வேரினை எட்டும்.